ராணி குடுத்த அச்சு உரிமை எழுத்தாளருக்கு இல்லைங்க
காப்பிரைட் ஆரம்பத்துலேர்ந்தே எழுத்தாளரை காப்பாத்த வந்ததுன்னு கட்டுரைல இருக்கு, இத என்னால ஒத்துக்க முடியல. முதலாம் எலிசபெத் ராணி காலத்து (16ம் நூற்றாண்டு) இங்கிலாந்துல சட்டப் புத்தகம்னா ரிச்சர்ட் டாட்டெல், சின்னப் பசங்க படிக்கிற ஏபிசி புத்தகம்னா ஜான் டே, இப்படி அச்சுக்காரங்க ஆளுக்கொரு பேட்டன்ட், அதாவது ராணி குடுத்த தனி அச்சு உரிமை, வேற யாரும் அச்சடிக்கக் கூடாது. 1575ல தாமஸ் டாலிஸ், வில்லியம் பேர்டுன்னு இசையமைப்பாளருங்க ரெண்டு பேருக்கும் 21 வருஷத்துக்கு இசைப் புத்தகம் மட்டுமில்ல, இசை எழுத கோடு போட்ட வெறும் தாளுக்கும் சேத்து உரிமை, வெறும் தாளுக்குங்க!! நல்லா விக்கிற புத்தகமெல்லாம் சில பேர் கைல மாட்டிக்கிட்டதால ஏழை அச்சுக்காரங்களுக்கு வேலையே இல்லாம போச்சு, அதனாலதான் ரோஜர் வார்டுங்கிற அச்சுக்காரர் ஜான் டேயோட அந்த ஏபிசியவே திருட்டுத்தனமா 10,000 காப்பி அடிச்சு 1582ல ஸ்டார் சேம்பர்ங்கிற ராணியோட ஆலோசகருங்க நடத்தின கோர்ட்டு வரைக்கும் போனாரு. அவர வெறும் திருடன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எழுத்தாளருக்குன்னு உரிமைய சட்டத்துல எழுதினது 1710ல, ஆன் ராணி சட்டம், புது புத்தகத்துக்கு 14 வருஷம், அது முடியறப்போ எழுத்தாளர் உயிரோட இருந்தா இன்னொரு 14. லண்டன் புத்தக வியாபாரிங்க அதுக்கப்புறமும் நிரந்தர உரிமை வேணும்னு கேஸ் மேல கேஸ் போட்டு, 1774ல டொனால்ட்சன்ங்கிற ஸ்காட்லாந்து புத்தக வியாபாரியோட வழக்குலதான் தோத்தாங்க. இந்தப் பகுதியயும் கட்டுரைல சேருங்க சார்.