70-ஆ, 68-ஆ?

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்-இல் நடந்த டெட்ராய்ட்–டல்லாஸ் ஆட்டத்தின் அந்தக் கடைசி நிமிட வீடியோவை மறுபடியும் தூக்கிப் போட்டு "ரெஃபரி வேண்டுமென்றே வெற்றியைப் பறித்தார்" என்று எழுதுகிறார்கள். கீழே ஆளாளுக்கு ஆமாம் போடுகிறார்கள். பொறுமை போய்விட்டது எனக்கு.

எத்தனை முறை சொல்வது? ட்ரிக் ப்ளே, அதாவது எதிரணியை ஏமாற்றும் உத்தி, செல்லுமா என்பதில் பாதிக்கு மேல் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவதற்கு) முன்பே முடிவாகிவிடுகிறது. முதலில் பார்ப்பது யார் எங்கே நிற்கிறார், முதுகில் என்ன எண் என்பதைத்தான். பந்து வைத்திருக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர் ஸ்க்ரிமேஜ் கோட்டில் (பந்து இருக்கும் இடத்தில் இரு அணிகளையும் பிரிக்கும் கோட்டில்) நிற்க வேண்டும். கோட்டின் இரு முனையில் நிற்பவர்களும் பின்னால் நிற்பவர்களும்தான் பாஸ் பிடிக்கலாம். 50–79, 90–99 எண் போட்டவர் அந்த இடங்களில் நின்றாலும் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமென்றால் மார்புக்கு முன்னால் கையை மேலும் கீழும் அசைத்து, 'நான் பிடிக்கப் போகிறவன்' என்று ரெஃபரியிடம் நேரில் சொல்ல வேண்டும். ரெஃபரி அதை எதிரணிக்கு அறிவிப்பார். கோட்டின் இரு பக்கமும் டவுன் ஜட்ஜ், லைன் ஜட்ஜ் என்ற இரு நடுவர்கள் நிற்கிறார்கள். ஸ்னாப் கொடுக்கும் சென்டரின் இடுப்பு மட்டத்தை ஹெல்மெட் தொட்டால்தான் ஒருவர் கோட்டில் நிற்பதாகக் கணக்கு. தவறினால் 5 கெஜம் அபராதம்.

இப்போது 2023 டிசம்பர் 30-க்கு வாருங்கள். டல்லாஸ் 20–19 என்று முன்னிலை, மிச்சம் 23 விநாடி, ஜெயிக்க டெட்ராய்ட் இரண்டு புள்ளி முயற்சிக்குப் போகிறது. 58, 68, 70 எண் போட்ட டெட்ராய்ட் வீரர்கள் மூன்று பேரும் ரெஃபரி பக்கம் போகிறார்கள். வழக்கமாகச் சொல்லிவிட்டு வருபவர் 70. டல்லாஸ் அவரையே கவனிக்கட்டும், 68 டெக்கர் பிடிக்கட்டும் என்பது திட்டம். ரெஃபரி பிராட் ஆலன் 70 என்று அறிவித்தார். அறிவிப்பு 70 என்றான பிறகு 68 பந்தைத் தொட்டால் விதிமீறல் என்று நடுவரின் கொடி விழத்தான் வேண்டும். வேறு வழியே கிடையாது!

"ஏமாற்றுவதுதானே ட்ரிக் ப்ளே?" என்பீர்கள். எதிரணியை ஏமாற்றுங்கள், யார் தடுத்தது? ரெஃபரிக்கு மட்டும் சந்தேகமே வரக்கூடாது. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து அணி, வழக்கமாகப் பிடிக்கக்கூடிய 34-ஆம் எண் வெரீனை 'பாஸ் பிடிக்க மாட்டார்' என்று அறிவிக்கச் செய்து, கோட்டின் முனையிலிருந்து வேறொருவரை ஓடவிட்டது. பால்டிமோர் கோச் ஹார்பா கொதித்துப் போய் மைதானத்துக்குள் வந்து அபராதம் வாங்கினார். செல்லும் என்றது லீக். விதியை மாற்றியது சீசன் முடிந்த பிறகுதான். அன்றைய விதிப்படிதான் அன்றைய தீர்ப்பு.

"அப்படியானால் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் பிலடெல்பியா செய்த ட்ரிக்?" என்று உடனே வருவீர்கள், தெரியும். கோட்டில் நின்றிருக்க வேண்டிய அவர்களின் ஜெஃப்ரி சற்றுப் பின்னால்தான் நின்றார், கொடி விழவில்லை. எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் ஓரிரு அடி என்பது பக்கத்தில் நிற்கும் நடுவரின் கண் கணக்கு. எண்ணில் கண் கணக்கு ஏது? 70 என்றால் 70.

பாஸ் பின்னோக்கியதா, முன்னோக்கியதா என்பதும் அப்படித்தான். கையை விட்ட இடத்துக்கு நேர்கோட்டில் போனாலும் பின்னோக்கியதே. 2000 ஜனவரியில் டென்னசி பஃபலோவைக் கடைசி விநாடிகளில் வீழ்த்தியது இதே கணக்கில்தான். கோபத்தை விட்டுவிட்டு, பந்து கையை விட்ட இடத்தையும் பிடித்த இடத்தையும் பாருங்கள்.

நடுவரே தவறமாட்டார் என்றா சொன்னேன்? தான் சொன்னதாக டெக்கர் சொல்கிறார். 68 சொல்லவே இல்லை என்கிறார் ஆலன். கூட்ட இரைச்சலில், மூன்று பேர் ஒன்றாக வந்த குழப்பத்தில் காது தவறியிருக்கலாம். தவறியிருந்தால் அது அறிவிப்பில் நடந்த தவறு. கொடி வீசியவர்களை ஏன் திட்டுகிறீர்கள்? எப்படி வந்து சொல்ல வேண்டும் என்று லீக் பிறகு எல்லா அணிகளுக்கும் வீடியோ அனுப்பியதும் அதனால்தானே.

வாழ்க்கை முழுக்க மற்றவர்களுக்காக இடித்துத் தள்ளியே பழகிய மனிதர் டெக்கர். பந்து கைக்கு வருவதே அபூர்வம். அவர் புள்ளி கிடைக்கும் எண்ட் ஸோனில் அதைப் பிடித்து அணைத்த முகத்தைப் பார்த்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. 70 என்ற அறிவிப்பு மைக்கில் அரங்கம் முழுக்கக் கேட்டது. களத்தில் இருந்த டெட்ராய்ட்டின் பதினொரு பேரில் ஒருவராவது ஆலனிடம் திரும்பி ஓடியிருக்கலாமே.