பார்த்து நடக்கச் சொல்லாதீர்கள், மூடியைப் போடுங்கள்

வியாழன் இரவு எங்கள் ஒழுங்கை முகப்பில் மூடியில்லாத கானுக்குள் (வடிகாலுக்குள்) ஒரு பிள்ளை விழுந்ததைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். பிள்ளைக்குக் காலில் ஒன்பது தையல், இப்போது பரவாயில்லை. நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பதிவின் கீழே ஒரு அண்ணா எழுதிய வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. "கண்ணைத் திறந்து பார்த்து நடந்திருக்கலாம்தானே."

அண்ணா, அன்றைக்குக் கரண்ட் இல்லை. உவர்மலைப் பக்கமிருந்து இறங்கிய வெள்ளத்தில் கானும் றோட்டும் ஒன்றாகக் கிடந்தன. ரியூசன் முடிந்து வந்த பதினொரு வயதுப் பிள்ளை கலங்கல் தண்ணிக்குள் எதைப் பார்ப்பாள்? ஓட்டோக்காரத் தம்பி பாய்ந்து கையைப் பிடித்திராவிட்டால் இன்றைக்கு வேறு பதிவு எழுதியிருப்போம். பார்த்து நடக்கச் சொல்லாதீர்கள். மூடியைப் போடுங்கள்.

அந்த மூடி களவு போகவில்லை. புரட்டாதியில் கான் துப்புரவாக்கத் தூக்கினார்கள். சதுரச் சிலாப். திருப்பி வைக்கும்போது கோணலாகத் திரும்பி உள்ளே விழுந்து உடைந்தது, இன்னும் அடியில்தான் கிடக்கிறது. நான் அளந்து பார்த்தேன். வாய் 24 அங்குலச் சதுரம், மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 34 அங்குலம். மூடியின் அகலமோ 27. நிமிர்த்திப் பிடித்தால் மூலை வழியே இறங்கத்தான் செய்யும். வட்ட மூடியில் இது நடக்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டம் ஒன்றுதான், வாய்க்குள் போகவே முடியாது. ஊர் ஊராக மான்ஹோல் மூடிகளை வட்டமாக வார்ப்பதற்கு இது பெரிய காரணம். திசை பார்த்துப் பொருத்தவும் வேண்டாம், பாரமென்றால் உருட்டிக்கொண்டும் போகலாம். நேற்றுக் கண்டுபிடித்த விசயம் இல்லை இது.

என் அப்பா மேசன். அவர் சிலாப் வார்க்கிற நாளில் கம்பி கட்டுவது நான். ஒருதடவை கம்பி வலை மேலே ஏறிக் கிடந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வார்த்த கொங்கிறீற் முழுவதையும் என்னைக்கொண்டே வழித்தெடுக்க வைத்தார். "மேல மிதிச்சா அடிப்பக்கம்தான் இழுபடும். கம்பி அடியில கிடக்கோணும். இல்லாட்டி ஒருநாள் ஆரோ ஒராள் உள்ளுக்க போவான்" என்றார். அதைச் சரிபார்க்க யாரும் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த "ஆரோ ஒராள்" வியாழக்கிழமை எங்கள் ஒழுங்கைப் பிள்ளையாகிவிட்டாள்.

மூடி போடக் காசில்லை என்பீர்கள். 1848, 49இல் இலண்டனில் கொலராவால் 14,000 பேருக்கு மேல் செத்தார்கள், அப்போதும் காசு வரவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் ஆறு நாறி, பாராளுமன்றத்துத் திரைச்சீலைகளை வெளிற்றும் தூள் கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டி வந்தது. சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது. பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெட் 132 கிலோமீற்றருக்குப் பிரதான சாக்கடைகளைக் கட்டினார். ஏழைகள் சாகும்போது இல்லாத காசு, நாற்றம் சபைக்குள் ஏறியதும் வந்தது. அதனால் காசில்லை என்ற கதையை என்னிடம் சொல்லாதீர்கள்.

இரும்பு மூடியைக் களவெடுப்பார்கள் என்பது உண்மை. அப்படியென்றால் கொங்கிறீற்றில் போடுங்கள். தாய் தகப்பன் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்பவர்களுக்கு: அந்தத் தாய் ஏழு மணிவரை கடையில் நிற்கிறவள். இதற்குமேல் நான் எழுதினால் வார்த்தை தடித்துவிடும்.

மொகஞ்சதாரோவில் 4,500 வருடத்துக்கு முன்னமே வீதியோரக் கானைச் செங்கல்லாலும் கல்லாலும் மூடியிருந்தார்கள். கீழடியில் சுடுமண் குழாய் கிடைத்தபோது எத்தனை பதிவு போட்டோம்? நானும் போட்டேன், நெஞ்சு நிமிர்த்தித்தான் போட்டேன். அந்தப் பெருமையோடு நம் ஒழுங்கைக் கானை ஒருதடவை வந்து பாருங்கள்.

இப்போது சிலர் சிலாப்பைத் தூக்கிய இரண்டு பேரையும் திட்டத் தொடங்கியிருக்கிறீர்கள். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அவர்கள் கையில் கையுறைகூட இல்லை. அடைத்துக்கிடக்கும் சாக்கடைக்குள் ஐதரசன் சல்பைட் என்ற நச்சு வாயு இருக்கும். கூடிவிட்டால் முதலில் மூக்கு மரத்துப்போகும், மணமே தெரியாது, பிறகு ஆளைச் சாய்த்துவிடும். அதற்குள் தலையை விடுகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணி கொடுக்கத் தனிக் கோப்பை இருந்தது. அம்மம்மா அதை வேலியில் கவிழ்த்து வைத்திருப்பார். நான் பெரியவனான பிறகும் அந்தக் கோப்பை அங்கேதான் இருந்தது, நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு எழுதும்போது கை நடுங்குகிறது.

சனிக்கிழமை காலை நானும் மச்சானும் வார்க்கப்போகிறோம். வாயை வட்டமாக்க ஒரு வளையம், அதற்கு 30 அங்குல விட்டத்தில் 4 அங்குலத் தடிப்பில் ஒரு மூடி. கம்பி அடியில். நூறு கிலோவுக்கு மேல் வரும், தூக்க நாலு பேர் வேண்டும். ஈரச்சாக்கு போட்டு ஒரு கிழமையாவது விடவேண்டும். அதுவரைக்கும் அந்த வழியால் வருகிற பிள்ளைகளை மதில் ஓரமாக வரச்சொல்லுங்கள்.