திருவிருந்து நேரத்தில் வெளியே போக வேண்டியதில்லை

“ஆங்கிலிக்கன் சபையில் திடப்படுத்தல் பெறாதவர்கள் திருவிருந்து தொடங்கியதும் எழுந்து வெளியே போய்விட வேண்டும்” என்று சிலர் சொல்வது தவறு. திருவிருந்து என்பது அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் நற்கருணைதான்; திடப்படுத்தல் என்பது ஞானஸ்நானம் பெற்றவரைப் பேராயர் கைவைத்து உறுதிப்படுத்தும் சடங்கு. யாரையும் வெளியே அனுப்புவதில்லை. புதிதாக வருகிறவர்களை இப்படிப் பயமுறுத்த வேண்டாம்.

ஆங்கிலிக்கன் சபைகளின் தாய்ச்சபையான இங்கிலாந்து திருச்சபையின் விதிப்படியே, திரித்துவத்தை ஏற்கும் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்று, அங்கே நற்கருணை எடுத்துவருகிறவர்கள் இங்கேயும் எடுக்கலாம். ஞானஸ்நானம் பெறாதவர்களும் வரிசையில் போகலாம். பீடத்தின் முன் இரு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தால் போதும், குருவானவர் ஆசீர்வதித்து அனுப்புவார். இருக்கையிலேயே இருந்தாலும் குறையில்லை.

எடுக்கிறவர்கள் இடது உள்ளங்கை மேல் வலது கையை விரித்து நீட்டுங்கள். விரல் நுனியால் வாங்கப் போனால்தான் அப்பம் நழுவுகிறது. பொதுக் கிண்ணத்தில் குடிக்கத் தயக்கமா? அப்பம் மட்டும் எடுத்தாலும் அது முழு நற்கருணைதான். நீங்களாகவே அப்பத்தைக் கிண்ணத்தில் தோய்க்காதீர்கள். விரல் திராட்சை ரசத்தில் படும், கோதுமை ஒவ்வாதவர்களுக்கும் ஆபத்து. பசைப்புரதம் (கோதுமையில் உள்ள குளூட்டன்) இல்லாத அப்பம் வேண்டுமென்றால் ஆராதனைக்கு முன்பே கேளுங்கள்.

ஆராதனைப் புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருப்பது சபையார் சொல்ல வேண்டியது. எப்போது எழுவது என்ற கவலையே வேண்டாம், பின்வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்களைப் பார்த்தே செய்யலாம்.