400 எப்பவும் 400 தான்

தம்பி, சூப்பர் 35 கமராவில (படம் பதியிற சென்சர் சின்னனா இருக்கிற கமரா) 400 எம்எம் லென்ஸ் போட்டா அது 600 ஆகிடும், பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃப்ரேம் கமரா வாங்கினவன் முட்டாள் எண்டு உங்கட போஸ்ட்டில போட்டிருக்கிறீங்கள், அது பிழை. லென்ஸ் 400 தான், சென்சர் சின்னன் எண்டதால ஓரம் வெட்டுப்படுது, அவ்வளவுதான். 8கே (குறுக்கால ஏறத்தாழ 8000 பிக்சல்) ஃபுல் ஃப்ரேம்ல எடுத்து அதே அளவுக்கு வெட்டினாலும் அதே ஃப்ரேம்தான், அதுவும் 5கேக்கு மேல மிஞ்சும். ரெண்டும் 4கே சென்சர் எண்டா மட்டும் சின்ன சென்சர்ல, எடுக்கிற மான் மேல கூடுதலான பிக்சல் விழும், அது உண்மை.

2எக்ஸ் கன்வேர்ட்டர் (லென்ஸுக்குப் பின்னால பூட்டி ரெண்டு மடங்கு கிட்டக் காட்டுறது) போட்டா வெளிச்சம் குறையாது எண்டு நீங்கள் எழுதினதும் சரியில்ல, ரெண்டு ஸ்டொப் போகும், அதாவது வெளிச்சம் நாலில ஒண்டாகும், எஃப்4 எஃப்8 ஆகும்.

எங்கட திருகோணமலைக் கோட்டைக்குள்ள, கோணேசர் கோயிலுக்குப் போற ரோட்டில நிக்கிற புள்ளிமான மத்தியானம் 12 மணிக்கு தூர நிண்டு எடுத்துப் பாருங்கோ, தார் ரோட்டுச் சூட்டில காது ரெண்டும் தண்ணிக்குள்ள ஆடுற மாதிரி நெளியும், நானும் முதல் ஃபோகஸ் பிழை எண்டு நினைச்சு லென்ஸத் திட்டினன். அதுக்கு எந்த லென்ஸும் மருந்தில்ல. காலமை 6 மணிக்குப் போங்கோ, இல்லாட்டி கிட்டப் போங்கோ, அந்த மானுகள் ஓடாது, பையைத்தான் பறிக்கும் 😄