ஆமாம், கையில்தான் நோவு

அம்மாவின் பிறந்தநாளுக்கு எலக்ட்ரிக் டூத்பிரஷ் வாங்கிக் கொடுத்தேன், கையால் தேய்ப்பதைவிட நன்றாகச் சுத்தம் செய்கிறது என்று முந்தாநாள் ஒரு பதிவு போட்டிருந்தேன். அதன் கீழே நடந்ததைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். “பல் விளக்கக்கூட மெஷினா, கையில் என்ன நோவு?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு முப்பது பேருக்கு மேல் சிரித்திருந்தார்கள்.

ஆமாம், கையில்தான் நோவு. அம்மாவுக்குப் பதினொரு வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கவே முடியாது. சாதாரண பிரஷ்ஷின் காம்பு அந்தக் கையில் நிற்காமல் நழுவும். பழைய துண்டைக் கிழித்துக் காம்பில் சுற்றி, மேலே இரண்டு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். அப்படியும் கடைவாய்ப் பக்கம் மணிக்கட்டு திரும்பாது. ஈறு வீங்கி, துப்பினால் ரத்தம் வரும். நாங்கள் பார்ப்பதற்குள் குழாயைத் திறந்து கழுவிவிடுவார். பல் டாக்டர் சொல்லித்தான் இந்த பிரஷ்ஷை வாங்கினேன். காம்பு தடிமன், பிடிக்க வாகாக இருக்கிறது. பல்லின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினால் போதும், தேய்க்கிற வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

இது சோம்பேறிகளுக்காக வந்த பொருளும் இல்லை. 1954-இல் சுவிட்சர்லாந்தில் ஃபிலிப் கி வூக் ‘பிராக்ஸோடென்ட்’ என்ற பிரஷ்ஷை உருவாக்கியதே, கையைச் சரியாக அசைக்க முடியாத நோயாளிகளையும் பல்லுக்குக் கம்பி போட்டவர்களையும் மனதில் வைத்துத்தான்.

சரி, உண்மையிலேயே நன்றாகச் சுத்தம் செய்கிறதா? செய்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2014-இல் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஐயாயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஆய்வுகள். கையால் தேய்த்தவர்களைவிட எலக்ட்ரிக் பிரஷ் வைத்திருந்தவர்களுக்குப் பல்லில் படியும் ‘பிளாக்’ என்கிற கிருமிப் படலம் முதல் 3 மாதத்துக்குள் 11 சதவீதமும், அதற்கு மேல் 21 சதவீதமும் குறைவு. ஈறு அழற்சியும் அதேபோல முதலில் 6, பிறகு 11 சதவீதம் குறைவு. இதனால் பல் விழாமலே இருக்குமா என்று அந்தத் தொகுப்பு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கையைவிட நன்றாகச் சுத்தம் செய்கிறது என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

“முறையாகத் தேய்த்தால் சாதாரண பிரஷ்ஷே போதும்” என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்னதாக அசைத்து, இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும். யார் தேய்க்கிறோம்? நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஐம்பது விநாடி தாண்டவில்லை. அம்மாவின் பிரஷ் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு அதிர்வு கொடுத்து, இரண்டு நிமிடம் ஆனதும் தானே நிற்கிறது.

எனாமல் தேய்ந்துவிடும் என்றும் ஒருவர் பயமுறுத்தினார். அழுத்தித் தேய்த்தால் எந்த பிரஷ்ஷும் கெடுதல்தான். என் அப்பா கெட்டியான நாரு பிரஷ்ஷால் நாற்பது வருடம் கையாலேயே அழுத்தித் தேய்த்தவர். ஈறு இறங்கி, பல்லின் அடியில் கத்தியால் கீறியது போலப் பள்ளம் விழுந்திருக்கிறது. அம்மாவுடையதில் அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். விலை அதிகம், 3 மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷின் தலைப்பகுதியை மாற்றும் செலவும் உண்டு. உண்மைதான்.

அப்புறம் “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று பழமொழி சொன்னவர்களுக்கு. அந்த வேல் வேப்பமரம் இல்லை, கருவேலம். அது இருக்கட்டும், குச்சியைக் கடித்து நாராக்க முதலில் வலுவான பல் வேண்டாமா? எங்கள் தாத்தா கடைசிவரை வேப்பங்குச்சிதான். கடைசிப் பத்து வருடம் சோற்றைக் குழைத்துத்தான் விழுங்கினார்.

முகம் தெரியாதவர்கள் சிரித்ததுகூடப் பரவாயில்லை. அந்த முப்பது பேரில் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் நான்கு பேர். போன தீபாவளிக்கு அம்மா அந்தக் கையால்தான் அவர்களுக்கு முறுக்கு பிழிந்து கொடுத்தார். ஒரு பிழி பிழிந்துவிட்டு கையை வெந்நீரில் வைத்து வைத்துப் பிழிந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நோவு எங்கே என்று தெரியாதா?

கமெண்டுகளை அம்மாவும் படித்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை குளியலறையில் சத்தம் கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். புது பிரஷ் டப்பாவுக்குள் இருந்தது. அம்மா பழைய பிரஷ்ஷை எடுத்து, பல்லால் ரப்பர் பேண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.