நீலமா வெள்ளையா என்று கேட்ட பிள்ளைக்கு

முந்தாநாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். அக்கா மகன் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். கட்டிலில் விரித்துப் போட்ட ஒரு நீலச் சட்டை, ஒரு வெள்ளைச் சட்டை. இரண்டும் புதுசு. "மாமா, அடுத்த வாரம் இன்டர்வியூ. எதைப் போடட்டும்?" கல்லூரியில் கடைசி வருஷம். அவனுக்கு இது முதல் இன்டர்வியூ.

"ரெண்டுல எதையாவது போட்டுக்கிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தியா?" என்று கேட்டேன். இல்லை என்றான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலருக்கு அடியில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனுக்காக மட்டும் இல்லை. வருஷா வருஷம் எத்தனையோ பிள்ளைகள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கிடைக்கும் பதிலெல்லாம் நிறத்தைப் பற்றி, டை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றி. நான் வேறு ஒன்றைச் சொல்ல நினைக்கிறேன். போட்டுக்கொண்ட பத்தாவது நிமிஷம் அந்த உடை உங்களுக்கே மறந்துபோக வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் மறந்துபோக வேண்டும். இன்டர்வியூவுக்கு நல்ல உடை என்றால் அதுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் இன்டர்வியூவுக்கு ரூம்மேட்டின் சட்டையைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அவன் கழுத்து என் கழுத்தைவிடச் சின்னது. கண்ணாடியில் பார்க்கும்போது பிரமாதமாக இருந்தது. மேல் பட்டனைப் போட்டு டையை இறுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எச்சில் விழுங்கும்போதெல்லாம் காலர் தொண்டையைப் பிடிக்கிறது. "நீங்க செஞ்ச ப்ராஜெக்டைப் பத்திச் சொல்லுங்க" என்றார்கள். ஆறு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து செய்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் கை தானாகக் கழுத்துக்குப் போனது. குழுவில் இருந்த ஒரு அம்மா, "பயப்படாதீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பயமே இல்லை. மூச்சுதான் முட்டியது. அதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

வேலை கிடைக்கவில்லை. சட்டையால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன பதில் என் பதில் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது உறுத்துகிறது.

இப்போது சில சமயம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறேன். போன வருஷம் ஒரு பெண் வந்தாள். விவரமான பெண். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் எதைக் கேட்க வருகிறோம் என்று பிடித்துவிடுகிறாள். போர்டில் ஒரு படம் வரைந்து விளக்கச் சொன்னோம். எழுந்து போனாள், வரைய ஆரம்பித்தாள், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். பாதிப் படத்திலேயே "இவ்வளவுதான் சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். ஏன் பாதியில் நிறுத்தினாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. கிளம்பும்போது பார்த்தேன். புது ஷூ. குதிகாலில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் சுருண்டு விலகி, ஷூவின் உள்விளிம்பில் ரத்தம் கறையாக இருந்தது. அந்தப் பாதிப் படம் இன்னமும் என் கண்ணிலேயே நிற்கிறது.

"திறமை இருந்தால் போதும், உடையை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சொல்கிறவர்களும் உண்டு. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மை இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆய்வு 2019 கடைசியில் வெளியானது. டாங்வான் ஓ, எல்டார் ஷாஃபிர், அலெக்சாண்டர் டொடரோவ் மூவரும் செய்தது. ஒரே முகம், கீழே தெரியும் மேலாடை மட்டும் ஒன்றில் கொஞ்சம் வசதியானவர் உடை மாதிரி, இன்னொன்றில் கொஞ்சம் வசதி குறைந்தவர் உடை மாதிரி. பார்த்தவர்கள் வசதியான உடையில் இருந்த முகத்தையே அதிகத் திறமைசாலி என்றார்கள். சில சோதனைகளில் படத்தை ஒரு விநாடியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நேரம்தான் காட்டினார்கள். அப்போதும் அதே முடிவு. உடையைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியும் பார்த்தார்கள். அப்போதும் மாறவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காரும் என்னைப் போன்றவர்கள் மேலேதான் கோபம். நாங்கள் நியாயமாகத்தான் பார்க்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு பிள்ளைக்கு அரை மார்க் குறைத்துவிடுகிறோம், அது எங்களுக்கே தெரிவதில்லை. அதனால் குழுவில் உட்காருகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அழைப்பு அனுப்பும்போது அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சாதாரண பேண்ட், சட்டைதான், கோட், டை தேவையில்லை" என்று. அல்லது வேண்டும் என்றால் வேண்டும் என்று. எழுத ஒரு நிமிஷம் ஆகாது. வீட்டில் யாராவது ஏற்கெனவே அலுவலக வேலையில் இருக்கும் பிள்ளைக்கு இது தானாகத் தெரிந்துவிடும். முதல் தலைமுறையாகப் படித்து வருகிற பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? அப்புறம், ஒவ்வொரு பதிலுக்கும் அந்தந்த இடத்திலேயே மார்க் போட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்து "ஆள் எப்படி?" என்று பேச ஆரம்பித்தால் அங்கே சட்டைதான் பேசும்.

பிள்ளைகளே, உங்களுக்கு வருகிறேன். அழைப்பில் அந்த வரி இல்லையென்றால் கேளுங்கள். "நேர்முகத் தேர்வுக்கு எந்த மாதிரி உடையில் வர வேண்டும் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்" என்று ஆள் எடுக்கும் எச்.ஆர் பிரிவுக்கு ஒரு வரி மெயில். இதைக் கேட்டால் நம்மை விவரம் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்று தயங்குகிறீர்கள். நினைக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்து அப்படிக் கேட்டதற்காக யாரையும் யாரும் குறைவாக நினைத்ததில்லை. தயாராக வரப் பார்க்கிற ஆள் என்றுதான் தோன்றும். கேட்க வழியே இல்லையென்றால், அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் போடுவது எதுவோ அதைவிட ஒரே ஒரு படி மேலே போங்கள். டி-ஷர்ட்டும் ஜீன்ஸுமாக இருக்கும் இடத்துக்குக் காலர் வைத்த சட்டை. சட்டை பேண்ட்டாக இருக்கும் இடத்துக்கு அதன் மேல் ஒரு கோட். இரண்டு படி ஏறினால் நீங்களும் நெளிவீர்கள், அவர்களும் நெளிவார்கள்.

நிறத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. வெள்ளை, நீலம், சாம்பல் எதுவானாலும் சரி. ஆனால் வியர்க்கிற உடம்பு என்றால் வெளிர்நீலமும் சாம்பலும் அக்குளில் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை அவ்வளவு காட்டாது. வீடியோ இன்டர்வியூ என்றால் நெருக்கமான சின்னக் கோடு போட்ட சட்டை வேண்டாம். கேமராவில் அந்தக் கோடுகள் அலை அலையாக நெளியும். பார்க்கிறவர் கண் அங்கேயே போகும்.

முக்கியமான வேலை, ஒத்திகை. ஆணோ பெண்ணோ, இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்பே மொத்தத்தையும் போட்டுக்கொள்ளுங்கள். சட்டை மட்டும் இல்லை. உள்ளாடை, சாக்ஸ், பெல்ட், ஷூ, கையில் கொண்டு போகிற பை உட்பட. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்காதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து யாரிடமாவது உங்கள் ப்ராஜெக்டை விளக்கிச் சொல்லுங்கள். நின்றால் சரியாக இருக்கும் பேண்ட் உட்கார்ந்தால் வயிற்றைப் பிடிக்கும். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் சட்டை வாய் பிளக்கும். கையை உயர்த்தி சுவரில் ஒரு படம் வரைவது மாதிரி செய்து பாருங்கள். இன் பண்ணிய சட்டை வெளியே வருகிறதா? கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுங்கள். படி ஏறி இறங்குங்கள். எந்த இடத்தில் கை தானாக உடைக்குப் போகிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு.

புதுச் சட்டையை ஒருமுறை துவைத்துவிட்டுப் போடுங்கள். டப்பாவிலிருந்து எடுத்த மடிப்புக்கோடு நெஞ்சில் சதுரம் சதுரமாக நிற்கும். கஞ்சி முறுக்கு கழுத்தை அறுக்கும். புது ஷூ வாங்கினால் குறைந்தது ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள். அதற்கு நாள் இல்லையென்றால் பழைய ஷூவையே துடைத்து, பாலிஷ் போட்டு, புது லேஸ் மாட்டிக்கொண்டு போங்கள். நடக்க முடிகிற பழைய ஷூ, நடக்க முடியாத புது ஷூவைவிட எவ்வளவோ மேல்.

முதன்முதலாகக் கோட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பின்பக்கம் கீழே திறப்பு இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போட்டிருப்பார்கள். கொண்டு வரும்போது கசங்காமல் இருக்கப் போட்டது அது. பிரித்துவிட வேண்டும். கை ஓரத்தில் வெளியே தைத்த கம்பெனி பட்டையும் அப்படித்தான். இதை யாரும் சொல்லிக் கொடுக்காததால் தையலோடும் பட்டையோடும் வந்து உட்காரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரிக்கும்போது எனக்கு மனசு கொதிக்கும்.

செண்ட் வேண்டாம், ரூம் சின்னதாக இருக்கும். போனையும் சாவியையும் பேண்ட் பையில் திணிக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது தவறிவிடும். வழியில் சட்டையில் ஒரு சொட்டு கறை விழும். அதையே நினைத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள். 2000-இல் தாமஸ் கிலோவிச்சும் அவரோடு சேர்ந்தவர்களும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை வெளியிட்டார்கள். போடவே கூச்சப்படும்படியாக ஒரு பாடகரின் முகம் பெரிதாக அச்சடித்த டி-ஷர்ட்டைப் போட்டுவிட்டு, மாணவர்களை ஒவ்வொருவராக மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது சட்டையில் இருப்பது யார் என்று கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். உங்கள் கறை உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு அவர்களுக்குத் தெரியாது.

நல்ல உடை போட்டால் நம் மூளையே கூர்மையாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. 2012-இல் டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டை வைத்து நடந்த ஒரு ஆய்விலிருந்து கிளம்பியது. 2019-இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதன் முதல் சோதனையைப் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதனால் கடன் வாங்கி விலை கூடின உடை எடுத்தால் பதில் தானாக வரும் என்று நம்பிப் போகாதீர்கள்.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஒரே ஒரு நாளுக்காக, வீட்டில் இருப்பதைச் சுரண்டி ஒரு செட் உடை எடுக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். 1997-இல் நியூயார்க்கில் நான்சி லப்ளின் என்ற பெண், இன்டர்வியூவுக்குப் போக உடை இல்லாத பெண்களுக்கு உடை கொடுப்பதற்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார். இன்றைக்கு அது பல நாடுகளில் நடக்கிறது. சில பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே ஒரு அலமாரி வைத்திருக்கிறார்கள். படித்து முடித்துப் போனவர்கள் கொடுத்த உடைகள், அளவு வாரியாகத் தொங்கும், மாணவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். எல்லாக் கல்லூரியிலும் இதைச் செய்யலாம். ஒரு அலமாரி, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு தையல் பெட்டி போதும். அன்றைக்கு எனக்கு அது இருந்திருந்தால் என் கழுத்தளவில் ஒரு சட்டை கிடைத்திருக்கும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் மத நம்பிக்கையால், அல்லது உடம்பு நிலையால் நீங்கள் போட்டே ஆக வேண்டியது ஒன்று இருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் போக வேண்டாம். 2008-இல் அமெரிக்காவில் துல்சா நகரத்தில் சமந்தா எலாஃப் என்ற 17 வயது முஸ்லிம் பெண், அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் துணிக்கடை வேலைக்குத் தலையில் கறுப்பு ஸ்கார்ஃபோடு இன்டர்வியூவுக்குப் போனார். தகுதி இருந்தும், கடையின் தோற்ற விதிக்கு அது ஒத்துவராது என்று வேலை தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 ஜூன் 1-ஆம் தேதி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தப் பெண் பக்கம் தீர்ப்பு வந்தது. ஏழு வருஷம் ஆனது.

அக்கா மகனிடம் திரும்ப வருகிறேன். மறுநாள் காலையில் அவனை உட்கார வைத்து மெயில் எழுதச் சொன்னேன். "கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா மாமா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் அனுப்பினான். சாயங்காலம் பதில் வந்தது. உடை உங்கள் வசதிப்படி இருக்கட்டும், லேபைச் சுற்றிக் காட்டுவோம், அதனால் கால் விரல் தெரியாத, வழுக்காத ஷூ போட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவனிடம் இருப்பது அடி தேய்ந்த ஒரே ஒரு ஜோடி. நீலச் சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் ஷூ வாங்கப் போயிருக்கிறான். வெள்ளைச் சட்டை துவைத்துக் கொடியில் காய்கிறது.