“ஆலனும் முதலில் இப்படித்தான்” என்பது பாதி உண்மை

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் நான்கு ஆட்டம் சொதப்பினால் போதும். “ஜாஷ் ஆலனும் முதல் ரெண்டு வருஷம் இப்படித்தான் இருந்தார், பொறுமையா இருங்க” என்று யாராவது எழுதிவிடுவார்கள். என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்) ரசிகர்களிடம் எல்லா நோய்க்கும் இதுதான் மருந்து. பொறுமை வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் எதைப் பார்த்துப் பொறுத்திருப்பது, எதைப் பார்த்துக் கைகழுவுவது என்று அந்த வரி சொல்வதே இல்லை. அதனால்தான் தேறவே வாய்ப்பில்லாதவருக்கும் அதையே பூசுகிறார்கள்.

முதலில் ஆலன் கதையின் கணக்கு. 2018 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) 12-ஆம் இடத்திலிருந்து 7-ஆம் இடத்துக்கு ஏற, பஃபலோ பில்ஸ் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைத் தம்பா பே அணிக்குக் கொடுத்தது. எடுத்தது வயோமிங் பல்கலைக்கழகத்திலிருந்து ஆறடி ஐந்தங்குல உயரமும் பீரங்கிக் கையும் கொண்ட ஒருவரை. கல்லூரியிலேயே அவர் வீசிய பந்துகளில் 56 சதவீதம்தான் ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் சீசனில் 52.8 சதவீதம், 10 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது), 12 இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). இரண்டாவது சீசனில் 58.8. மூன்றாவதில், 2020-இல், 69.2 சதவீதம், 37 டச்டவுன், 4,544 யார்டு. அந்த வருடம் பில்ஸ் 13 ஆட்டம் ஜெயித்து, 1995-க்குப் பிறகு முதல் முறையாகத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2024 சீசனில் ஆலன் லீக்கின் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர். (டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு மிக அருகில் இருக்கும் என்எஃப்எல் அணி பஃபலோதான். அங்கே இந்தக் கதை தெரியாதவர் குறைவு.)

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் 2020-இல் ஏதோ மாயம் நடந்தது போலிருக்கும். அறிகுறிகள் 2019-லேயே தெரிந்தன, சதவீதத்தில்தான் தெரியவில்லை. அந்த சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் ஆலன் 6 இன்டர்செப்ஷன் கொடுத்தார். அதில் மூன்று நியூ இங்கிலாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில். மிச்ச ஆட்டங்கள் எல்லாம் சேர்த்து மூன்றே மூன்று. தவறு எந்த வகையானது, அது குறைகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

சதவீதம் ஏன் ஏமாற்றும்? கஷ்டப்பட்டு 25 யார்டு தள்ளி வீசிய பந்தும், பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கிடம் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) தட்டிவிட்ட பந்தும் அதில் ஒரே எடை. பந்தைப் பிடிக்க வேண்டிய ரிசீவர் கைநழுவ விட்டதும், சாக்கிலிருந்து (வீசும் முன்பே எதிரணி பிடித்து வீழ்த்துவது) தப்ப வேண்டுமென்றே கோட்டுக்கு வெளியே எறிந்ததும் குவார்ட்டர்பேக்கின் தலையில்தான் விழும். சிகாகோ பேர்ஸின் மிட்செல் ட்ருபிஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் 59.4 சதவீதம், 2018-இல் 66.6. அணி 12 ஆட்டம் ஜெயித்தது. “ஆள் தேறிட்டார்” என்று சிகாகோவே கொண்டாடியது. அந்த வருடம் லீக்கிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்தது சிகாகோவின் டிஃபென்ஸ். வெற்றிகளின் பெரும்பங்கு அவர்களுடையது. அடுத்த சீசனில் 63.2-க்கு இறங்கினார். 2020 மே மாதம் அவருடைய ஐந்தாம் ஆண்டு ஒப்பந்த உரிமை வேண்டாம் என்று அணியே ஒதுங்கிக்கொண்டது. சதவீதத்தையும் வெற்றியையும் வைத்துத் தீர்ப்பு எழுதியவர்கள் ஆலனை 2019-இல் கைவிட்டிருப்பார்கள், ட்ருபிஸ்கியை 2018-இல் தலையில் தூக்கிவைத்திருப்பார்கள்.

அப்படியானால் எங்கே பார்ப்பது? கையை விடுங்கள், காலைப் பாருங்கள்.

ஷாட்கன் நிலையில், அதாவது சென்டருக்குச் சில யார்டு பின்னால் நின்று, ஸ்நாப் (ஆட்டத்தைத் தொடங்க சென்டர் பின்னால் தரும் பந்து) வாங்கிய குவார்ட்டர்பேக் பெரும்பாலான பாஸ்களுக்கு மூன்று காலடி பின்வாங்குவார். மூன்றாவது அடியில் பின்னங்கால் ஊன்றும்போது முதல் ரிசீவர் தன் திருப்பத்தில் இருக்க வேண்டும். திட்டமே அப்படித்தான் அளந்து போடப்படுகிறது. அவர் திறந்திருந்தால் அந்த நொடியிலேயே பந்து கிளம்ப வேண்டும். இல்லையென்றால் முன்னோக்கி ஒரு சின்ன அடி, அதற்கு ஹிட்ச் என்று பெயர், கண் இரண்டாவது ரிசீவருக்கு. இன்னொரு ஹிட்ச், மூன்றாவது ஆள். அதற்குமேல் நேரமில்லை. ரன்னிங் பேக்கிடம் தட்டிவிட வேண்டும், ஓட வேண்டும், அல்லது வெளியே எறிய வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று நொடிக்குள். காலும் கண்ணும் சேர்ந்து நகர்கிறவர் கற்றுக்கொண்டிருக்கிறார். கால் ஒரே இடத்தில் தையத்தக்க என்று ஆட, கண் முதல் ரிசீவர் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், அன்றைக்கு 300 யார்டு வீசியிருந்தாலும் எனக்கு நம்பிக்கை வராது.

குறி தவறுவதற்கும் காரணம் பெரும்பாலும் கால்தான். முன்னங்காலை அளவுக்கு மீறி நீட்டி வைத்தால் உடல் எடை பின்னாலேயே தங்கிவிடும், பந்து ரிசீவரின் தலைக்கு மேல் பறக்கும். முன்னங்கால் இலக்கைப் பார்த்துத் திறக்காமல் குறுக்கே விழுந்தால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், பந்து ஓடும் ஆளுக்குப் பின்னால் போகும். பலமான கை உள்ள இளைஞர்களுக்கு இந்த வியாதி அதிகம். கால் தப்பினாலும் கை ஈடுகட்டிவிடும் என்று கல்லூரியில் பழகியிருப்பார்கள். ஆலன் சீசன் இல்லாத மாதங்களில் முன்னாள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் பால்மரிடம் போய் உழைத்தது இந்த அடிப்படைகளில்தான். எல்லாப் பந்தையும் ஒரே வேகத்தில் எறியாமல் மெதுவாகத் தூக்கிப் போடவும் அவர் கற்க வேண்டியிருந்தது.

அடுத்து சாக். குவார்ட்டர்பேக்கின் முன்னால் நின்று காக்கும் லைன்மேன்களைத் திட்டுவது நமக்குச் சுலபம். ஆனால் அந்த லைனின் ஓரத்தில் நிற்கும் இடது டாக்கிள் தடுத்துப் பிடிப்பது குவார்ட்டர்பேக் ஏழெட்டு யார்டு ஆழத்தில் நிற்பார் என்ற கணக்கில். இளம் ஆட்கள் பயத்தில் பத்து யார்டு வரை பின்னால் நழுவுவார்கள். அப்போது ஓரத்தில் வளைந்து ஓடிவரும் எதிரணி எட்ஜ் ரஷருக்கு நேர் பாதை திறந்துவிடுகிறது. அந்த சாக்கை லைன் கணக்கில் எழுதக் கூடாது. ஓரத்திலிருந்து நெருக்கடி வரும்போது முன்னால் ஓரடி ஏறி நிற்கிறாரா என்று பாருங்கள். ஒரே சீசனுக்குள் மாறக்கூடிய பழக்கம் இது. மாறவில்லையென்றால் கவலைப்படலாம்.

இன்டர்செப்ஷன்களை எண்ணாதீர்கள், வகை பிரியுங்கள். ரிசீவரின் கையில் பட்டுத் தெறித்தது, பாதி ஆட்டம் முடிய இரண்டு நொடி இருக்கும்போது கண்ணை மூடி வீசியது, இரண்டையும் மறந்துவிடலாம். நடுவில் பதுங்கியிருந்த எதிரணி லைன்பேக்கரைப் பார்க்காமல் வீசியது முதல் சீசனில் சகஜம். ஸ்நாப்புக்கு முன் இரண்டு சேஃப்டிகள் (எதிரணியின் கடைசித் தடுப்பாளர்கள்) ஆழத்தில் நிற்பார்கள், ஸ்நாப் ஆனதும் ஒருவர் இறங்கி வந்துவிடுவார். கல்லூரியில் இவ்வளவு நுட்பமான வேஷத்தை இளம் குவார்ட்டர்பேக்குகள் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது சீசனின் நடுவிலும் அதே வலையில் விழுந்தால் அது வேறு விஷயம். நான்காவது வகை வீரப்பிரதாபம்: இரண்டு பேர் காலைப் பிடித்துத் தொங்கும்போது வீசுவது. ஆலனின் சொந்த வியாதி இது. ஹூஸ்டனுக்கு எதிரான பிளேஆஃபில் 16-0 என்று முன்னிலை பெற்ற ஆட்டம் ஓவர்டைம் போய் 22-19 என்று தோல்வியில் முடிந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்த ஆலன் திடீரென்று பந்தைப் பின்னால் சக வீரர் டாஸன் நாக்ஸிடம் வீசியதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத பஃபலோ ரசிகர் இருக்க முடியாது. 2023-இல்கூட அவர் 18 இன்டர்செப்ஷன் கொடுத்தார். அடுத்த சீசனில்தான் அது 6-க்கு இறங்கியது.

இதையெல்லாம் டிவி ஒளிபரப்பில் முழுதாகப் பார்க்க முடியாது, கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். 22 ஆட்களும் தெரியும் ஆல்-22 காட்சி என்எஃப்எல் பிளஸ் பிரீமியத்தில் கிடைக்கிறது. மொத்த ஆட்டமும் வேண்டாம். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஏழு யார்டுக்கு மேல் தேவைப்பட்ட பாஸ்களை மட்டும் பாருங்கள். அங்கே ஓட்ட ஆட்டத்தை யாரும் நம்பப் போவதில்லை, குவார்ட்டர்பேக்கின் தலைக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே வந்துவிடும்.

“ஆலனும் இப்படித்தான்” கூட்டம் மறக்கும் இன்னொரு பாதி, பஃபலோ அவருக்காகச் செய்த செலவு. 2018-இல் அவர் முன்னால் இருந்த லைன் ஓட்டை. சென்டர் எரிக் வுட் கழுத்துக் காயத்தால் விலகியிருந்தார், டாக்கிள் கோர்டி க்ளென்னை வேறு அணிக்கு மாற்றியிருந்தார்கள். 2019-இல் சென்டர் மிட்ச் மோர்ஸ், ரிசீவர்கள் கோல் பீஸ்லி, ஜான் பிரவுன் வந்தார்கள். 2020-இல் முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கினார்கள். அவர் அந்த வருடமே 127 பந்து பிடித்து 1,535 யார்டு எடுத்தார், இரண்டிலும் லீக்கில் முதலிடம். இத்தனைக்கும் மேலே, தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டர் பிரையன் டேபோல் நான்கு சீசன் மாறவே இல்லை.

அதே 2018 டிராஃப்டில் 10-ஆவதாகப் போன குவார்ட்டர்பேக் ஜாஷ் ரோஸனைப் பாருங்கள். அரிசோனாவில் 45 முறை சாக் வாங்கினார், சீசன் நடுவிலேயே கோஆர்டினேட்டர் மாற்றப்பட்டார், அடுத்த வருடம் புதுக் குவார்ட்டர்பேக் கைலர் மரே வந்ததும் மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். ரோஸன் ஆலனாகியிருப்பார் என்று நான் சொல்லவில்லை, பிறகு போன இடங்களிலும் அவர் தேறவில்லை. 3-ஆவதாகப் போன சாம் டார்னால்டை ஜெட்ஸ் மூன்று சீசனில் விட்டுவிட்டது. அவர் 2024-இல் மினசோட்டாவுக்காக 14 ஆட்டம் ஜெயித்தார். ஜெட்ஸ் ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கண்முன் நடந்ததை வைத்து அவரை எடைபோடவே வழியில்லை. அதே அணி 2021-இல் 2-ஆவதாக எடுத்த சாக் வில்சனோ 55.6, 54.5, 60.1 என்று மூன்று சீசன் போனார். கால் கடைசிவரை அடங்கவில்லை.

பொறுமைக்குக் கெடுவும் உண்டு, அதை ஒப்பந்தமே வைத்திருக்கிறது. முதல் சுற்று வீரருக்கு நான்கு ஆண்டு, ஐந்தாவது ஆண்டு அணியின் விருப்பம். அந்த முடிவை மூன்றாவது சீசன் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஆலனுக்கு பஃபலோ 2021 ஆகஸ்டில் ஆறு ஆண்டு, 258 மில்லியன் டாலர் நீட்டிப்பே கொடுத்தது. ஆகவே முதல் சீசனில் கால், இரண்டாவதில் கண், மூன்றாவதில் புள்ளிவிவரம் என்று நான் கேட்பேன். மூன்றாவது சீசன் முடிந்தும் “இன்னும் ஒரு வருஷம்” என்பவரிடம் ஆல்-22 காட்டச் சொல்வேன்.

ஸ்டேடியம் போகிறவர்களுக்கு ஒரு வேலை. பிளே கிளாக் (ஸ்நாப் எடுக்க மிச்சமிருக்கும் நேரத்தைக் காட்டும் கடிகாரம்) 15 நொடிக்கு இறங்கியதும், பயிற்சியாளர் பேசும் ஹெல்மெட் ரேடியோ துண்டிக்கப்படும். அதன்பிறகு குவார்ட்டர்பேக் தனியாள். எந்த லைன்பேக்கரை மையமாக வைத்துத் தடுப்பது என்று லைனுக்குக் கத்திச் சொல்லி, தேவைப்பட்டால் ஆட்டத்தையே மாற்றி, ஸ்நாப் எண்ணிக்கையும் கொடுக்க வேண்டும். சொந்த மைதானத்தில் நம் ஆள் அந்த 15 நொடியில் இருக்கும்போது கூச்சல் போடாதீர்கள், ஊளையும் விடாதீர்கள். கத்த வேண்டுமென்றால் எதிரணியிடம் பந்து போகும்வரை தொண்டையைச் சேமித்து வையுங்கள்.